அங்குலக் கணக்கு: மேசைப் போர் விளையாட்டில் நகர்வை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து விளையாடும் போர் விளையாட்டுகளைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. எந்தத் துப்பாக்கி எவ்வளவு சுடும் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அதை விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப வருவதெல்லாம் டேப் பற்றிய சந்தேகங்கள். பாதிச் சண்டைகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன்.

வேறு பெயர் சொல்லாத இடங்களில் உதாரணங்கள் வார்ஹேமர் 40,000 விளையாட்டின் பத்தாம் பதிப்பிலிருந்து (2023) எடுத்தவை. உங்கள் விளையாட்டு வேறு என்றால் எண்கள் மாறும். அளக்கும் முறை பெரும்பாலும் மாறாது.

1. ஆறு அங்குலம் நகரலாம் என்று விதி சொல்கிறது. டேப்பை வைத்து ஆறு அங்குலம் தள்ளினால் முடிந்தது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எங்கிருந்து எங்கே வரை என்பதுதான் இருக்கிறது. பொம்மை ஒரு புள்ளி அல்ல. அதன் காலடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் பேஸ் என்கிறோம். அந்த வட்டத்துக்கு முன்விளிம்பு, பின்விளிம்பு, நடு என்று மூன்று இடங்கள் உண்டு. எந்த இடத்தில் டேப்பை வைத்துத் தொடங்கினீர்களோ, அதே இடம்தான் ஆறு அங்குலக் கோட்டில் போய் நிற்க வேண்டும். முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பு, பின்விளிம்பில் தொடங்கினால் பின்விளிம்பு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடை ஒன்றுதான். நடுவில் மாற்றினால்தான் வம்பு. கீழே வரும் பதில்களில் பாதி இதே விஷயம் வேறு வேறு வேடத்தில் வருவதுதான்.

2. முன்விளிம்பில் டேப்பை வைத்தேன். ஆறு அங்குலக் கோட்டைத் தாண்டி பொம்மையை வைத்தேன். எதிராளி ஏன் முகத்தைச் சுளித்தார்?

நீங்கள் ஒரு பேஸ் அகலத்தை இலவசமாக எடுத்துக்கொண்டீர்கள். புதியவர்களிடம் நான் பார்க்கும் முதல் தவறு இதுதான். கெட்ட எண்ணம் இல்லாமல் செய்யப்படும் தவறும் இதுதான். பொம்மைக்கு முன்னால் டேப்பை நீட்டுகிறோம், ஆறு என்ற எண் தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் வெற்றிடம் தெரிகிறது, கை தானாக அங்கே வைத்துவிடுகிறது. இப்போது பின்விளிம்பு கோட்டில் நிற்கிறது. தொடங்கியது முன்விளிம்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பேஸ் மரீன் என்ற சிப்பாய் பொம்மையின் பேஸ் 32 மில்லிமீட்டர். ஆறு அங்குலம் என்பது 152.4 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் 184.4, அதாவது கிட்டத்தட்ட 7.26 அங்குலம். ஒரு முறைக்கு, அதாவது படை நகரும் ஒரு சுற்றுக்கு, 1.26 அங்குலம் கூடுதல். ஆட்டம் ஐந்து முறை. ஐந்திலும் இப்படியே நகர்த்தினால் 6.3 அங்குலம்: ஆறாவதாக ஒரு முழு நகர்வே கைக்கு வந்துவிடுகிறது. 40 மில்லிமீட்டர் பேஸ் உள்ள பொம்மைக்கு இது இன்னும் மோசம்.

நானும் தொடக்கத்தில் பல மாதங்கள் இப்படித்தான் நகர்த்தினேன். ஒருநாள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல், நான் பொம்மையைத் தூக்குவதற்கு முன் அதன் முன்விளிம்பை ஒட்டி ஒரு நாணயத்தை வைத்தார். நகர்த்தி முடித்ததும் நாணயத்திலிருந்து பொம்மையின் முன்விளிம்புவரை டேப்பை நீட்டினார். ஏழே கால். அவர் எண்ணைப் படிக்கக்கூட இல்லை. டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். அந்த நாணயத்தை இன்றுவரை நானும் பயன்படுத்துகிறேன்.

3. என் பொம்மையின் ஈட்டியும் சிறகும் பேஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிலிருந்து அளப்பது?

பேஸ் உள்ள பொம்மைக்கு பேஸ்தான் கணக்கு. ஈட்டி எவ்வளவு நீளமானாலும் அது காற்றில் இருக்கிறது. பேஸ் இல்லாத டாங்கி போன்ற வண்டிகளுக்கு வண்டியின் உடலே கணக்கு. இரு பொம்மைகளுக்கு நடுவே உள்ள தூரம் என்றால், இரண்டின் மிக நெருங்கிய விளிம்புகளுக்கு இடைப்பட்டது.

இதன் இன்னொரு பக்கம்: பொம்மையைப் பெரிய பேஸுக்கு மாற்றி ஒட்டினால் ஆட்டமே மாறுகிறது. பெரிய பேஸ் அதிக இடத்தை மறிக்கும், ஆனால் சந்துகளில் நுழையாது. எந்தப் பொம்மைக்கு எந்த பேஸ் என்பதைத் தொடங்குமுன் எதிராளியிடம் காட்டிவிடுங்கள்.

4. ஏன் இன்னும் அங்குலம்? சென்டிமீட்டரில் விளையாடக் கூடாதா?

தாராளமாக விளையாடலாம், இருவரும் ஒப்புக்கொண்டால். அங்குலம் வந்த வழி பிரிட்டன் வழி. எச். ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் தன் பொம்மைச் சிப்பாய் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அதில் காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி, அளப்பதற்கு நூல். பின்னால் வந்த விளையாட்டுகள் அடியை அங்குலமாக்கிக்கொண்டன, ஏனென்றால் வெல்ஸ் வீட்டுத் தரையில் விளையாடினார், நாம் மேசைமேல் விளையாடுகிறோம்.

அதற்கும் முன்னால் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824ல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அது 1:8000 அளவுள்ள வரைபடத்தின்மேல் ஆடப்பட்டது. ஒரு முறை என்பது இரண்டு நிமிடச் சண்டை. தூரத்தை எடுக்கக் கவராயம். துண்டுகளை நகர்த்தியவர் நடுவர், ஆடுபவர்கள் உத்தரவு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அளவுச் சண்டையைத் தீர்க்க அதைவிடச் சுருக்கமான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

5. எந்த டேப் வாங்குவது?

இருவரும் ஒரே டேப்பைப் பயன்படுத்துங்கள். அது எந்த டேப் என்பது அடுத்தபடி. தையல்காரர் டேப் வளைந்துகொடுக்கும், மூலை சுற்றி அளக்க வசதி. ஆனால் துணி டேப் பழசானால் இழுபடும். கடையில் வாங்கும் இரும்பு டேப் நேராக நிற்கும், ஆனால் சுருளும்போது சட்டென்று பாய்ந்து நாலு பொம்மைகளைச் சாய்க்கும். குறுந்தூரத்துக்கு அக்ரிலிக்கில் வெட்டிய அளவுக் குச்சிகள் (1, 2, 3, 6, 9 அங்குலம்) எல்லாவற்றையும்விட மேல். குச்சியை இழுக்கவும் முடியாது, சாய்த்துப் படிக்கவும் முடியாது.

வீட்டில் இரண்டு மூன்று டேப் இருந்தால் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நீட்டி 12 அங்குலத்தில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத டேப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

6. இரும்பு டேப்பின் நுனியில் உள்ள கொக்கி லொடலொட என்று ஆடுகிறது. உடைந்துவிட்டதா?

இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கொக்கியை ஒரு விளிம்பில் மாட்டி இழுத்தால், கொக்கியின் உட்பக்கம்தான் பூஜ்யம். சுவரில் முட்டி அளந்தால், வெளிப்பக்கம்தான் பூஜ்யம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கித் தகட்டின் தடிமன். அந்தத் தடிமன் அளவுக்கே அது முன்னும் பின்னும் நகர்கிறது. சுத்தியலால் அடித்து இறுக்கிவிடாதீர்கள். ஒரு நண்பர் இறுக்கினார்.

நம் மேசையில் இதன் பொருள்: கொக்கியை பேஸ் விளிம்பில் முட்டவைத்தால் முட்டவைத்தபடியே படியுங்கள். முட்டுவதா மாட்டுவதா என்று தெரியாமல் கொக்கியைப் பொம்மையின் தோளில் தொங்கவிட்டு அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எதையும் அளப்பதில்லை.

7. இருவரும் ஒரே டேப்பைத்தான் பார்க்கிறோம். நான் எட்டு என்கிறேன், அவர் ஒன்பது என்கிறார். யாருக்குக் கண் கோளாறு?

யாருக்கும் இல்லை. டேப் மேசையைத் தொடாமல் காற்றில் நிற்கிறது. பொம்மைகள் தடுப்பதால் டேப்பை உயர்த்திப் பிடிக்கிறோம்; அவரவர் நாற்காலியிலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். டேப் மேசைக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்து, நீங்கள் டேப்பின் நீளவாக்கில் 45 டிகிரிச் சாய்வில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் இடம் உண்மையான இடத்திலிருந்து இரண்டு அங்குலமே தள்ளிப்போகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது எதிர்த்திசையில் தள்ளிப்போகும். இருவரும் நேர்மையானவர்கள், இருவர் சொல்வதும் தப்பு.

எழுந்து நில்லுங்கள். நேர் மேலிருந்து பாருங்கள். அல்லது டேப்பை மேசையில் படுக்கவையுங்கள். நடுவே பொம்மைகள் இருந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் டேப்பை இணையாக வைத்து எண்ணை எடுக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, டேப்பின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் இருப்பது. தரையில் 8 அங்குலத் தூரத்தை ஒரு முனையை 3 அங்குலம் தூக்கிப் பிடித்து அளந்தால் டேப் எட்டரைக்கும் சற்றுக் கூடவே காட்டும்.

8. சுவரின் மூலையைச் சுற்றிப் போக வேண்டும். இரும்பு டேப் வளையவில்லை. என்ன செய்வது?

இரண்டு துண்டாக அளங்கள். முதலில் நேராகப் போய் மூலையைத் தாண்டும் இடம்வரை அளந்து, அங்கே நாணயத்தை வையுங்கள். மூன்று அங்குலம் செலவானால் மீதி மூன்றைப் புதிய திசையில் அளங்கள். வெல்ஸின் நூல் இந்த இடத்தில் இன்றும் தோற்கவில்லை: ஆறு அங்குல நூல் ஒன்றைப் பெட்டியில் போட்டு வைத்தால் எந்தச் சந்திலும் வளைத்து வைத்துப் பார்க்கலாம்.

பலர் மறப்பது பேஸின் பருமனை. சுவரின் மூலையைத் தொட்டுக்கொண்டு கோடு வளைவதுபோல் அளக்கிறார்கள். 32 மில்லிமீட்டர் பேஸின் நடுப்புள்ளி சுவருக்கு 16 மில்லிமீட்டருக்குக் குறைவாக நெருங்க முடியாது. செங்கோண மூலை ஒன்றை ஒட்டிச் சுற்ற அந்த நடுப்புள்ளி ஒரு கால்வட்டம் போட வேண்டும். அதன் நீளம் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். மூலை சுற்றுவதற்கு ஒரு அங்குலம் சுங்கவரி என்று நினைவில் வைத்தால் தலைவலி மிச்சம்.

9. குன்றிலோ இடிந்த கட்டடத்தின் மாடியிலோ ஏறினால் எப்படி?

இது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். நான் எடுத்துக்கொண்ட பதிப்பில் இரண்டு அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள தடைகளை இல்லாததுபோல் கடக்கலாம். அதற்கு மேற்பட்டால் ஏறும் உயரமும் இறங்கும் உயரமும் நகர்விலிருந்து கழியும். கட்டடத்தின் அடி வரை 2 அங்குலம், மாடி 3 அங்குலம் என்றால் ஆறில் ஐந்து போயிற்று. மேலே போய் ஒரு அங்குலம் நகரலாம். பறக்கும் பொம்மைக்கு மட்டும் காற்றில் சாய்வாக நேர்கோடு.

மாடியில் நிற்பவரை அளக்கும்போது ஏழாம் கேள்வியில் சொன்ன சாய்வுத் தவறு இரட்டிப்பாகும். குச்சியைச் செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று என்று தனித்தனியே வைத்துப் பாருங்கள்.

10. என்னிடம் ஓர் அணியில் இருபது பொம்மைகள். ஒவ்வொன்றையும் அளந்தால் விடிந்துவிடும். குறுக்குவழி உண்டா?

உண்டு. எல்லோரும் செய்வது அதுதான்: முன்வரிசையில் இரண்டு மூன்று பொம்மைகளைக் கவனமாக அளந்து வைத்துவிட்டு, மற்றவற்றை அதே அமைப்பில் பின்னால் இழுத்து வைப்பது. அணியின் வடிவம் மாறாதவரை இது நேர்மையான வழி. முன்னவர் ஆறு அங்குலம் போனால் பின்னவரும் ஆறு அங்குலம்தான் போயிருப்பார்.

வடிவம் மாறும்போதுதான் தவறு புகும். குழுவாக நின்ற இருபது பேர் ஒரே முறையில் நீண்ட வரிசையாகிவிடுகிறார்கள். கடைசியில் நின்றவர் முன்னணிக்கு வந்துவிடுகிறார். அவர் ஆறு அல்ல, பத்து அங்குலம் ஓடியிருப்பார். ஆகவே வடிவத்தை மாற்றுவதாக இருந்தால் மிக அதிகமாக நகரும் பொம்மை எது என்று பார்த்து அதை அளங்கள். அது சரி என்றால் மற்றவை தானாகச் சரி. அணியில் ஒருவருக்கொருவர் இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இரண்டு அங்குலக் குச்சி போதும்.

11. டாங்கியை அதே இடத்தில் திருப்பினேன். ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. அதற்கும் கணக்கு உண்டா?

வட்ட பேஸ் என்றால் கணக்கில்லை. வட்டத்தைச் சுழற்றினாலும் அது அதே வட்டம்தான். டாங்கி நீள்சதுரம். ஆறு அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ள வண்டி எதிரிக்குப் பக்கவாட்டில் நிற்கிறது என்று வையுங்கள். நடுவிலிருந்து எதிரி பக்கம் இருக்கும் விளிம்புக்கு 2 அங்குலம். அதை நின்ற இடத்திலேயே கால்சுற்றுத் திருப்பினால் மூக்கு நடுவிலிருந்து 3 அங்குலத்தில் வந்து நிற்கும். நகராமலே ஓர் அங்குலம் முன்னேறியாயிற்று. பிறகு மூக்கிலிருந்து பத்து அங்குலம் அளந்தால் மொத்தம் பதினொன்று.

விதிப்புத்தகங்கள் இதை இரண்டு விதமாகச் சமாளித்தன. ஒன்று, வண்டியின் எந்தப் பகுதியும் அனுமதித்த தூரத்துக்கு மேல் நகரக் கூடாது என்பது. சரியான விதிதான், ஆனால் சுழலும் வண்டியின் மூலை எவ்வளவு நகர்ந்தது என்று மேசையில் அளக்க முயன்றவர்களுக்குத்தான் அதன் துன்பம் தெரியும். இன்னொன்று, திரும்புவதற்கென்றே ஒரு கட்டணம். வார்ஹேமர் 40,000ல் 2024ல் அதைக் கொண்டுவந்தார்கள்: வட்ட பேஸ் இல்லாத வண்டி ஒரு நகர்வில் முதன்முதலாகத் திரும்பும்போது 2 அங்குலம் கழித்துவிட வேண்டும், பிறகு நடுப்புள்ளியை அளந்தால் போதும். கணிதப்படி இது சற்று முரட்டுத்தனம். ஆனால் மேசையில் வேலை செய்கிறது, நான் இதன் பக்கம்.

12. வரிசைப் படைகள் சக்கரம்போல் திரும்பும் விளையாட்டில் வெளிமூலையின் வளைவை அளப்பதா, நேர்கோட்டை அளப்பதா?

'தி ஓல்டு வேர்ல்டு' (2024) போன்ற விளையாட்டுகளில் ஐந்து பேர் தோளோடு தோள் நின்று ஒரு மூலையை ஊன்றித் திரும்புவார்கள். வெளிமூலையில் இருப்பவர் எவ்வளவு நடந்தாரோ அதுதான் படையின் செலவு. கால் பதித்து நடப்பவர் வளைவில்தான் நடக்கிறார் என்பதால் வளைவே நியாயம். ஆனால் டேப் நேராகத்தான் நிற்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். 25 மில்லிமீட்டர் பேஸில் ஐந்து பேர் என்றால் முன்வரிசை 125 மில்லிமீட்டர். 45 டிகிரி திரும்பினால் வளைவு 3.87 அங்குலம், நேர்கோடு 3.77. பத்தில் ஒரு அங்குலம்! நாலு அங்குலம் நடக்கும் மனிதப் படை இதற்கு மேல் திரும்பப் போவதில்லை, ஆகவே நேர்கோட்டை அளந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 90 டிகிரிக்கு வளைவு 7.7, நேர்கோடு 7. குதிரைப்படையோ அகலமான படையோ அப்படித் திரும்பும்போது மட்டும் நூலை எடுங்கள், அல்லது திரும்புதலை இரண்டு பாதியாக்கி அளங்கள்.

13. நகர்த்துவதற்கு முன்பே எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அளந்து பார்ப்பது ஏமாற்று இல்லையா?

ஒரு காலத்தில் இருந்தது. தூரத்தைக் கண்ணால் கணிப்பது ஒரு திறமை, அதற்கு மதிப்பெண் உண்டு என்று நினைத்தார்கள். முதலில் தாக்குதலை அறிவிக்க வேண்டும், பிறகுதான் டேப்பை எடுக்கலாம்; எட்டவில்லை என்றால் உங்கள் தலைவிதி. வார்ஹேமரின் பழைய வரிசைப்படை விளையாட்டு 2010ல் வந்த எட்டாம் பதிப்பில் முன்கூட்டியே அளப்பதை அனுமதித்தது. வார்ஹேமர் 40,000 2012ல் வந்த ஆறாம் பதிப்பில் அனுமதித்தது. இன்று பெரும்பாலான விளையாட்டுகளில் எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அளக்கலாம். இன்ஃபினிட்டி போல ஒப்புக்கொள்ளாத விளையாட்டுகளும் இருக்கின்றன.

தடை ஏன் போயிற்று என்பதற்கு என் கணிப்பு: அதைக் காவல் காக்க முடியவில்லை. வார்மெஷின் விளையாட்டில் ஒரு தளபதி தன் கட்டுப்பாட்டு வட்டத்தை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், மற்றவை கூடாது என்று இருந்தது. அந்த வட்டத்தை அளக்கும் சாக்கில் மேசை முழுவதையும் அளந்துகொண்டார்கள். 2016ல் வந்த மூன்றாம் பதிப்பில் அங்கும் தடையை எடுத்துவிட்டார்கள்.

14. அளக்கக் கூடாத விளையாட்டில் கையால் சாண் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. சாண் என்பதும் அளவுதான். தன் சாண் எத்தனை அங்குலம், முழங்கை முதல் விரல்நுனி வரை எத்தனை அங்குலம் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் யோசிப்பதுபோல் மேசைமேல் கையை ஊன்றுவது பழைய வித்தை. கோலி விளையாட்டில் அவரவர் சாணை வைத்து அளந்து, நெட்டைக் கைக்காரனோடு சண்டை போட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. கிட்டிப்புள்ளில் அந்தப் பிரச்சினை இல்லை பாருங்கள்: புள் விழுந்த தூரத்தை அடித்த கோலாலேயே அளப்போம், கோல் இருவருக்கும் ஒன்று.

15. கால் அங்குலத்துக்கு இவ்வளவு சண்டை தேவையா? விளையாட்டுதானே?

பெரும்பாலும் தேவையில்லை. பின்வரிசையில் யாரையும் தொடாத இடத்தில் ஒரு பீரங்கி கால் அங்குலம் தள்ளி நின்றால் ஆட்டம் மாறாது. அங்கே கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

ஆனால் சில இடங்களில் மயிரிழை விலை பேசும். சார்ஜ், அதாவது எதிரிமேல் பாய்ந்து மோதும் நகர்வு, இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை. மோதலுக்கு எதிரியின் ஒரு அங்குலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எதிரி சரியாக 9 அங்குலத்தில் நின்றால் 8 விழுந்தால் போதும்: 36ல் 15 வாய்ப்பு, நூற்றுக்குச் சுமார் 42. எதிரி 9.1 அங்குலத்தில் நின்றால் 9 வேண்டும்: 36ல் 10 வாய்ப்பு, நூற்றுக்குச் சுமார் 28. பத்தில் ஒரு அங்குலம் வெற்றி வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. இந்த இடத்தில் நான் குனிந்து, குச்சியை எடுத்து, எதிராளியையும் குனியச் சொல்வேன். சிரித்தாலும் பரவாயில்லை.

16. "அவன் பாய்ந்தால் எட்டாத தூரத்தில் நிற்கிறேன்" என்று அளந்துதான் வைத்தேன். அடுத்த முறை எதிராளி அளந்தால் உள்ளே இருக்கிறது. யார் சரி?

வைக்கும்போது வாய்விட்டுச் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. "இவர்கள் உங்கள் குதிரைகளிடமிருந்து 12 அங்குலத்துக்கு வெளியே நிற்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, எதிராளி டேப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டால், பிறகு பொம்மை ஒரு நூல் உள்ளே வந்திருந்தாலும் 12க்கு வெளியே என்றே எடுத்துக்கொள்வது நல்ல ஆட்டக்காரர்களின் வழக்கம். கை நடுங்கியதற்குத் தண்டனை கிடையாது. போட்டிகளிலும் பலர் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

மனதில் நினைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் டேப் சொல்வதுதான் தீர்ப்பு. முடியாத ஒன்றைச் சொல்லி ஒப்புதல் வாங்குவதும் செல்லாது: ஆறு அங்குலம் நகரும் பொம்மை அந்த இடத்துக்கு எட்டாது என்றால், எவ்வளவு நல்ல எண்ணமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

17. மாடி விளிம்பில் பொம்மை நிற்கவில்லை, சரிகிறது. அல்லது சட்டைக் கை பட்டு நாலைந்து விழுந்துவிட்டன. இப்போது எங்கே வைப்பது?

சரிகிற பொம்மைக்கு வார்ஹேமர் 40,000ன் பழைய பதிப்புகளிலேயே வழி உண்டு: உண்மையில் எங்கே நிற்கிறது என்று இருவரும் ஒப்புக்கொண்டு, பொம்மையைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, அளக்க வேண்டியபோது மட்டும் அந்த இடத்தில் பிடித்துக் காட்டலாம். நாணயம் இங்கேயும் உதவும்.

விழுந்தவற்றை எதிராளி வைக்கட்டும். இடித்தவர் நீங்கள் என்றால் உங்கள் கை அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு முறை முடிவிலும் கைபேசியில் மேலிருந்து ஒரு படம் எடுத்து வைப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

18. அளவே இல்லாத விளையாட்டு இருக்கிறதா? எனக்கு டேப்பைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

இருக்கிறது. பேட்டில்டெக் (1984) அறுகோணக் கட்டங்களில் ஆடப்படுகிறது. கட்டத்தை எண்ணினால் போதும். எக்ஸ்-விங் (2012) விண்கலங்களுக்கு நேராகவும் வளைவாகவும் வெட்டிய அட்டைகள் தருகிறது. அட்டையைக் கலத்தின் முன்னால் பொருத்தி மறுமுனையில் கலத்தை வைக்க வேண்டும். சாகா என்ற விளையாட்டில் 2, 4, 6, 12 அங்குலம் என்று நாலே நாலு குச்சி. டிபிஏ என்ற பண்டைக்காலப் போர் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு பேஸின் அகலத்தையே அலகாக்கிக்கொண்டது. கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

சண்டை மட்டும் எங்கும் ஒழிந்துவிடவில்லை. எக்ஸ்-விங்கில் அட்டையைப் பொருத்தும்போது கலத்தை ஒரு மயிரிழை திருப்பிவிட்டால் மறுமுனையில் அது பல மில்லிமீட்டர் விலகலாக வளர்ந்து நிற்கும்.

19. என் எதிராளி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகவே நகர்த்துகிறார். திருடன் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது?

முதலில், அவர் திருடனாக இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டாம் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அந்தத் தவறைப் பல மாதங்கள் செய்த ஆள்தான் இதை எழுதுகிறேன். அவர் கூடுதலாக நகர்த்துவது தனக்குச் சாதகமான இடங்களில் மட்டுமா, பின்வாங்கும்போதும் பயனில்லாத இடங்களிலுமா என்று கவனியுங்கள். எல்லா இடத்திலும் என்றால் அது பழக்கம். சாதகமான இடத்தில் மட்டும் என்றால் வேறு பேச்சு.

பழக்கம் என்றால் வேலை சுலபம். "டேப்பின் அந்த முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கையை நீட்டுங்கள். உதவி என்று கேட்பவருக்குக் கோபம் வராது. முனை உங்கள் விரலில் இருக்கும்போது முன்விளிம்பு முன்விளிம்பாகவே இருக்கும். முதல் முறையிலேயே, ஒன்றும் கெட்டுப்போகாத நேரத்தில் இதைச் செய்யுங்கள். நாலாவது முறையில், தோற்கிற நேரத்தில் ஆரம்பித்தால் நீங்கள் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். உங்கள் நகர்வுகளுக்கும் அவரையே முனை பிடிக்கச் சொல்லுங்கள்.

வேறு பேச்சு என்றால், ஒருமுறை நேராகச் சொல்லுங்கள்: "இது ஏழு போல் தெரிகிறது, மறுபடி அளக்கலாமா?" மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தால் வீட்டு ஆட்டத்தில் அடுத்த வாரம் வேறு ஆளோடு ஆடலாம். நான் அப்படி ஒருவரோடு ஆடுவதை நிறுத்திவிட்டேன். வருத்தமாக இருந்தது, அவர் வண்ணம் பூசிய படை அவ்வளவு அழகு.

20. போட்டியில் நடுவரை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும்?

இருவரும் ஒருமுறை அளந்து, ஏழாம் பதிலில் சொன்னபடி மேலிருந்து பார்த்து, அப்போதும் ஒத்துப்போகவில்லை என்ற உடனே. பொம்மையில் கை வைக்காதீர்கள், டேப்பைச் சுருட்டாதீர்கள், பகடையை உருட்டாதீர்கள். தொடங்கிய இடத்தில் நாணயம் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். கையை உயர்த்திக் காத்திருங்கள். கடிகாரம் ஓடுகிற ஆட்டம் என்றால் அதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நடுவர் வந்ததும் யார் எவ்வளவு கூடுதல் என்ற கதையைச் சொல்லாமல், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று மட்டும் காட்டுங்கள். அவர் தன் டேப்பைக் கொண்டுவந்திருப்பார்.